அப்பாவுக்கு ரீடர் வாங்குவதற்கு முன்னால் அவருடைய பென்டிரைவைத் திறந்து பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. பழைய புத்தகங்களின் பொடி எழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறார். செல்போனில் படித்தால் பத்து நிமிடத்தில் கண் எரிகிறதாம். கையில் 17,000 ரூபாய் வரை இருக்கிறது. மின்புத்தகம் படிக்கவென்றே வரும் ரீடர்களில் அமேசானின் கிண்டிலா, கோபோவா, ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் மாதிரி ஏதாவதா, இல்லை பேசாமல் ஒரு டேப்லெட் வாங்கிவிடலாமா? கூடவே போகிறபோக்கில் ஒரு வரி: "அப்பா ஒரு பென்டிரைவ் நிறைய பிடிஎஃப் சேர்த்து வைத்திருக்கிறார்."

எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நான்காவது ரீடரைத் தேய்த்துக்கொண்டிருப்பவன் நான். தெரிந்தவர்கள் வீட்டில் ஏழெட்டுப் பேருக்கு நானே வாங்கிக்கொடுத்து, புத்தகம் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு இப்போது அலமாரியில் தூங்குகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கருவியை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினோம், அவர்கள் படிக்க நினைத்த புத்தகம் என்ன கோப்பாக இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஆகவே முதலில் பென்டிரைவ். உங்கள் போனிலேயே நாலைந்து பிடிஎஃப்களைத் திறந்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். வார்த்தை தேர்வாகவில்லை, பக்கம் முழுக்க ஒரே படமாக நிற்கிறது என்றால் அது ஸ்கேன். தேர்வாகிறது, நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் தமிழ் வருகிறது என்றால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை, அதிர்ஷ்டம். தேர்வாகிறது, ஆனால் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை விழுகிறது என்றால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. மூன்றாவது வகை பார்க்கத் தமிழாக இருக்கும். உள்ளே தமிழ் கிடையாது. ரீடரில் தேடவும் முடியாது, எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது. நடைமுறையில் அதையும் ஸ்கேன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியரின் பென்டிரைவ் என்றால் பெரும்பாலும் ஸ்கேன்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்து இறக்கிய பழைய பதிப்புகள், யாரோ அனுப்பிய உரைநூல்கள். புதுச்சேரிப் பக்கம் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர் என்றால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் இருக்கலாம். 1736 முதல் 1761 வரை அவர் எழுதியது. சென்னையில் 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சானதும் ஸ்கேனாகவே சுற்றுகிறது. இவையெல்லாம் புத்தகத்தின் புகைப்படம். ரீடருக்கு இவற்றில் எழுத்து என்று எதுவும் தெரியாது. "எழுத்தைப் பெரிசாக்கு" என்றால் எதைப் பெரிசாக்கும்?

இங்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அட்டையில் ஒரு செவ்வகம் வெட்டுங்கள், அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 12. இதுதான் 6 இன்ச் ரீடரின் திரை. இன்னொன்று 10.7க்கு 14.2, அது 7 இன்ச். இந்த அட்டைகளை அப்பாவின் அலமாரியில் இருக்கும் ஒரு டெம்மி அளவுப் புத்தகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பதிப்பகங்கள் சாதாரணமாகப் போடும் அளவு அது. ஓரத்தை விட்டுவிட்டு அச்சுப் பகுதியை மட்டும் அளந்தால் அகலம் ஏறக்குறைய பத்தரை சென்டிமீட்டர் வரும். ஆக 7 இன்ச் அட்டை அகலத்தில் சரியாகப் பொருந்திவிடும், உயரத்தில்தான் கொஞ்சம் குறையும். 6 இன்ச் அட்டை அகலத்திலேயே பற்றாது.

ஓரத்தை வெட்டாமல் அப்படியே திறந்தால் கதை வேறு. ஏ4 தாளில் 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் 6 இன்ச் திரையில் கிட்டத்தட்ட 5 புள்ளியாகச் சுருங்கும், 7 இன்ச்சில் 6 புள்ளி. மாத்திரை அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருப்பார்களே, அந்த அளவு. அலமாரியில் தூங்கும் இரண்டில் ஒன்று இதனால்தான் தூங்குகிறது.

ஆனால் வழி இருக்கிறது. 7 இன்ச் ரீடரைப் பக்கவாட்டில் திருப்பினால் அகலம் 14.2 ஆகிறது. ஓரம் வெட்டிய டெம்மிப் பக்கம் அதில் ஒன்றேகால் மடங்குக்கும் மேலே பெரிதாகும். புத்தகத்தில் 11 புள்ளியாக இருந்தது கிட்டத்தட்ட 15 புள்ளியாகத் தெரியும். ஒரு பக்கத்தை மூன்று தடவையாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரம் வெட்டுவதைக் கணினியில் முன்கூட்டியே செய்துவிடலாம். பிரிஸ் என்று ஓர் இலவச மென்பொருள் ஓரத்தை மட்டும் வெட்டும். கே-டூ-பிடிஎஃப்-ஆப்ட் என்று இன்னொன்று, வாயில் நுழையாத பெயர். பக்கத்தை வெட்டி, படமாகவே சொற்களை நறுக்கி, சின்னத் திரைக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கிக் கொடுக்கும். உரைநடைக்கு நன்றாக வேலை செய்யும். செய்யுளும் பதவுரையும் கலந்த பக்கத்தைக் கொடுத்தால் சீர்களைக் கலைத்துப்போட்டுவிடும், அதற்கு ஓரம் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10.3 இன்ச் ரீடர் வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, டெம்மிப் பக்கம் அப்படியே கிட்டத்தட்ட அச்சளவிலேயே விழும். ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எடையும் 400 கிராம் அளவில் வரும். படுத்துக்கொண்டு படிக்கும் வழக்கம் உள்ளவருக்கு அது மூக்கின் மேல் விழுந்தால் தெரியும்.

சரி, யூனிகோடு நூல்களுக்கு வருவோம். ரீடரின் உண்மையான சுகம் இங்கேதான். பிடிஎஃப்பாக இல்லாமல் ஈபப் என்ற மின்னூல் கோப்பாக இருந்தால், எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தானாக மறுபடி மடிந்துகொள்ளும். இப்படிப்பட்ட தமிழ் நூல்கள் இலவசமாகவே ஏராளம். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் முதல் தன்னார்வலர்களால் நடக்கிறது. சங்க இலக்கியம் தொடங்கித் தமிழாசிரியர் ஒருவர் கேட்கக்கூடிய மூலநூல்களில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை ஈபப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் ஊர் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவர் 1948இல் மறைந்தார், நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை பொதுவாகிவிடுகிறது.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று 2013 முதல் இயங்கும் இன்னொரு தன்னார்வத் தளம் உண்டு. அங்கே ஒரே நூலை ஈபப், கிண்டிலுக்கான பழைய கோப்பு வகையான மோபி, ஏ4 பிடிஎஃப் என்று போட்டுவிட்டு, நாலாவதாக "6 இன்ச் பிடிஎஃப்" என்றும் ஒன்று வைத்திருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது எதற்கு என்று புரியாது. அன்றைக்கிருந்த ரீடர்களில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. அதனால் எழுத்துருவைப் பக்கத்துக்குள்ளேயே பதித்து, திரை அளவுக்கே பக்கம் வெட்டிக் கொடுத்தார்கள். எங்கேயோ தயாரான கருவி நம் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் முழித்தபோது நம் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்குவழி. எனக்கு அந்த ஒரு இணைப்பைப் பார்த்தாலே கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

இந்தத் தமிழ்ச் சிக்கல் இன்னும் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். "கொ" என்று கணினியில் சேமிக்கும்போது முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கும். திரையில் வரையும்போது அந்த ஒற்றைக் குறியை இரண்டாக உடைத்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருள் கொம்பைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தும், அல்லது புள்ளி வட்டம் ஒன்றைப் போட்டு அதில் தொங்கவிடும். எழுத்துருவே இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாக வரும். எந்த ரீடராக இருந்தாலும் வாங்கும் முன், அல்லது திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன், ஒரு சோதனைக் கோப்பு ஏற்றிப் பாருங்கள். நான் வைத்திருப்பது இரண்டே வரி: "கொக்கு, கோழி, கௌதாரி, கெண்டை, தேள், தைலம், கூடை, ஸ்ரீ, பக்ஷி, அஃது." இது ஒழுங்காக வந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும்.

கிண்டில் கடையில் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் புத்தகம் விற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய கிண்டில்களில் தமிழ் ஒழுங்காகவே தெரிகிறது. உங்களுக்குப் பிடித்த எழுத்துருவைக் கேபிள் வழியாக அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டுக்கொள்ளவும் முடியும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை இரண்டையும் போட்டுப் பாருங்கள். அச்சுப் புத்தகத்தில் பழகிய கண்ணுக்குத் தடிமனும் மெலிவும் கலந்த எழுத்து சுலபமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

கோபோ கனடாவில் பிறந்தது, 2012 முதல் ஜப்பானின் ரகுட்டன் கையில் இருக்கிறது. கருவி என்ற அளவில் எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஈபப்பை நேரடியாகத் திறக்கும், கடைக்காரனின் கணக்கில் கட்டிப்போடாது, லிப்ரா மாடலில் பக்கம் திருப்பப் பொத்தான்கூட உண்டு. ஆனால் சாதாரண ஈபப்பும் கோபோவின் சொந்த கெபப்பும் உள்ளே வெவ்வேறு மென்பொருளில் திறக்கின்றன. ஒன்றில் சரியாக வந்த கொம்பு இன்னொன்றில் இடம் மாறி உட்காரலாம். இதற்கு மருந்து கோரீடர் என்ற திறமூலச் செயலி. அதை ஏற்றிவிட்டால் தமிழும் சரியாக வரும், ஸ்கேன் பிடிஎஃப்பின் ஓரத்தையும் தானே வெட்டிக்காட்டும். என் கையில் இப்போது ஓடுவது அதுதான். ஆனால் அதை நிறுவவும், அமைப்புகளில் தொலைந்துபோகாமல் வெளியே வரவும் ஓரளவு கைப்பழக்கம் வேண்டும். உங்கள் அப்பா தவறுதலாக எதையாவது தொட்டுவிட்டால் நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் போன் வரும். கோபோவை இங்கே யார் விற்கிறார்கள், பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் காசு கொடுக்காதீர்கள்.

பூக்ஸ் வகையில் ஆண்ட்ராய்டு இருப்பதால் கிண்டில் செயலி, பத்திரிகைச் செயலிகள், கோரீடர் எல்லாவற்றையும் ஒரே கருவியில் போடலாம். தமிழ் எழுத்துப் பிரச்சினையும் கிடையாது. போனில் தெரிவதுபோலவே தெரியும். சத்தமாக வாசித்துக்காட்டும் வசதியும் தமிழில் கிடைக்கும். அதற்கு விலையாகச் சார்ஜ் சீக்கிரம் தீரும், மெனுவுக்குள் மெனுவாக ஆயிரம் இருக்கும். தோண்டிப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு நல்ல பொம்மை.

கிண்டிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காசு கொடுத்து வாங்கும் புத்தகம் முழுக்க உங்களுடையது இல்லை, படிக்கும் உரிமம்தான். 2009இல், விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்று சொல்லி, ஏற்கெனவே வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை அழித்தார்கள். அழிந்ததில் ஒன்று '1984' என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கிக் கேபிளில் ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் நீங்களாகச் சேர்த்த இலவச ஈபப்களுக்கு இதனால் பாதிப்பில்லை. சென்ட் டு கிண்டில் என்ற அமேசான் இணையப் பக்கத்தில் கோப்பைப் போட்டால் தானே மாற்றிக் கருவிக்கு அனுப்பிவிடும், 200 எம்பி வரை ஏற்கும். பழைய மோபி கோப்புகளை அந்த வழியில் இப்போது வாங்குவதில்லை. அவற்றை மட்டும் காலிபர் மென்பொருளில் ஈபப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். காலிபரை 2006இல் தொடங்கியவர் கோவிட் கோயல் என்ற நம் நாட்டுக்காரர், இலவசம். எந்த ரீடர் வாங்கினாலும் இது உங்கள் கணினியில் இருக்கட்டும்.

இனி கண் விஷயம். ரீடர்களில் இருப்பது இ-இங்க் என்ற வகைத் திரை. அதற்குள்ளே முடியின் கனத்தில் நுண்ணிய உருண்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் ஏதாவது ஒன்று மேலே வரும், அப்புறம் மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் செலவு. விளக்கும் பின்னாலிருந்து கண்ணில் அடிக்காது, ஓரங்களிலிருந்து திரையின் மேல் விழும். காலை ஏழு மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் போனில் என் முகம்தான் தெரியும். ரீடரில் எழுத்து அச்சடித்த தாள் மாதிரி நிற்கும், வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகும். தேவனாம்பட்டினம் பீச்சிலும் இதேதான்.

இதனால் கண் எரிச்சல் நிச்சயம் போய்விடும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். புரை எடுத்த கண்ணில் வறட்சி இருந்தாலும் எரியும், படிக்கும் கண்ணாடியின் பவர் மாறியிருந்தாலும் எரியும். அடுத்த முறை கண் மருத்துவரிடம் போகும்போது, எந்தத் தூரத்தில் வைத்துப் படிக்கிறார் என்பதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நானே பார்த்தது ஒன்று: எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ரீடர் வாங்கியும் கண் கூசுகிறது என்றார். போய்ப் பார்த்தால் விளக்கு முழு வெளிச்சத்தில் இருந்தது. பகலில் அந்த விளக்கே வேண்டாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இரவில் மஞ்சள் கலந்த வெளிச்சமாக மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது. கிண்டிலின் 7 இன்ச் வகையான பேப்பர்வைட்டில் இருக்கிறது, அடிப்படைக் கிண்டிலில் இல்லை.

கூர்மை 300 பிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு, கீழே இருக்கும் எதையும் தொடாதீர்கள். ஆங்கிலத்துக்கு 167 போதும் என்று பழைய மாடலைத் தலையில் கட்டுவார்கள். நம் ணை, ளை, ண் எல்லாம் சுழி மேல் சுழியாக இருப்பவை, கூர்மை குறைந்தால் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போனால் தமிழாசிரியர் உங்களை மன்னிக்க மாட்டார். வண்ணத் திரையும் வேண்டாம். வண்ணத்துக்காக மேலே ஒரு வடிகட்டி ஒட்டியிருப்பதால் தாள் கொஞ்சம் சாம்பல் பூத்துத் தெரியும், வண்ணத்தின் கூர்மையும் 150தான். கண் சிகிச்சை செய்துகொண்டவருக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

6 இன்ச் அடிப்படைக் கிண்டில் விலையும் குறைவு, எடையும் 158 கிராம்தான். உங்களுக்குப் பேருந்தில் புதுச்சேரி போய்வர அது அருமையாக இருக்கும். அப்பாவுக்கு வேண்டாம். நம் சொற்கள் நீளம். எழுத்தைப் பெரிதாக்கினால் "வந்துகொண்டிருந்தார்கள்" ஒன்றே ஒரு வரியைச் சாப்பிட்டுவிடும். இருபக்கமும் சமமாக நிறுத்தும் அமைப்பு இருந்தால் மிச்சமுள்ள இரண்டு சொற்களுக்கு நடுவே ஆட்டோ போகும் அளவுக்கு இடைவெளி விழும். ஆகவே எந்த ரீடரிலும் முதல் வேலையாக அதை அணைத்து, இடப்பக்கம் மட்டும் நேராக நிற்கும்படி வைத்துவிடுங்கள்.

அகராதி வசதியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு தாத்தா ரீடரில் பிரெஞ்சு நாவல் படிக்கிறார், புரியாத சொல்லைத் தொட்டால் உடனே பொருள் வருகிறது. தமிழில் "சென்றிருப்பானேயானால்" என்பதைத் தொட்டால் எந்த அகராதி என்ன செய்யும்? சந்தியும் விகுதியும் பிரித்துப் பகுதியைத் தேட வேண்டும். அந்த வேலைக்கு உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்.

டேப்லெட்டைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். உங்கள் பென்டிரைவில் பத்தில் ஒன்பது ஸ்கேன் என்றால், 10, 11 இன்ச் டேப்லெட்தான் இந்தக் காசுக்கு நேர்மையான பதில். விரலால் விரித்தால் பக்கம் உடனே பெரிதாகும். ரீடரில் அதே காரியம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் மெதுவாக நடக்கும், பழைய பக்கத்தின் நிழல் வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் போனில் கண் எரிகிறவருக்கு டேப்லெட்டிலும் எரிய வாய்ப்பு அதிகம். நடுவில் வாட்ஸப் கூவும், யூடியூப் இழுக்கும். வீட்டில் ஏற்கெனவே யாருடைய டேப்லெட்டாவது இருந்தால் ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

மின்சாரத்தையும் நம் ஊர்க்காரர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் கிடையாது. போனை அவசரத்துக்கென்று அணைத்து வைத்துவிட்டோம். ரீடர் மட்டும் அதன் சின்ன விளக்கோடு தொடர்ந்து ஓடியது. 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கவருக்கு மறக்காமல் காசு ஒதுக்குங்கள். இ-இங்க் திரைக்குள்ளே மெல்லிய கண்ணாடி இருக்கிறது. என் இரண்டாவது ரீடரைப் பையில் போட்டு, அதன் மேல் நானே சாப்பாட்டு டப்பாவை வைத்து, சென்னைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மரக்காணம் தாண்டி எடுத்துப் பார்த்தால் மேலே பாதிப் பக்கம், கீழே கோடு கோடாக. வெளிக்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. திரை மாற்றக் கேட்ட காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வந்துவிடும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னார், நானும் அதையே செய்தேன். பழைய ரீடர் வாங்க நினைத்தாலும் இதைப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், திரையை முழுக் கறுப்பாகவும் முழு வெள்ளையாகவும் போட்டுப் பார்த்தால்தான் கோடு தெரியும். முந்தையவர் தன் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டாரா என்பதையும் அங்கேயே நின்று சரிபார்த்துவிடுங்கள்.

ஆக, உங்களுக்கு என் பதில். பென்டிரைவில் பாதியாவது யூனிகோடாக இருந்தால், அல்லது மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் அப்பா கேட்கும் நூல்கள் கிடைக்கின்றன என்றால், 7 இன்ச் பேப்பர்வைட் வாங்குங்கள். 2025 ஏப்ரலில் இந்தியாவில் 16,999 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபி, 211 கிராம். இதைவிட விலை கூடிய சிக்னேச்சர் வகையில் வரும் கம்பியில்லாச் சார்ஜ் அவருக்குத் தேவையில்லை. கவர் சேர்த்தால் பட்ஜெட் கொஞ்சம் தாண்டும், தள்ளுபடி விற்பனை வரை பொறுத்தால் சரியாகிவிடும். அந்த இடைவெளியில் ஸ்கேன்களின் ஓரத்தை வெட்டி வையுங்கள். கோபோதான் எனக்குப் பிடித்தது என்றாலும் உங்கள் அப்பாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. பழுதானால் எங்கே போவது என்பது எனக்கு அவசரமில்லை, அவருக்கு அவசரம். பத்தில் ஒன்பது ஸ்கேன் என்றால் இப்போதைக்கு ரீடரே வேண்டாம், டேப்லெட்டை முயன்று பாருங்கள், ஒத்துவராவிட்டால் 10.3 இன்ச்சுக்குக் காசு சேருங்கள்.

வாங்கி வந்த அன்றே அப்பா கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் கணக்கைப் பதிந்து, எழுத்துருவைப் போட்டு, அவருக்குப் பிடித்த பத்துப் புத்தகத்தை மட்டும் ஏற்றுங்கள். இருநூறு ஏற்றினால் பட்டியலிலேயே தொலைந்துபோவார். மெனுவெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். திரையின் வலப்பக்கம் தொட்டால் அடுத்த பக்கம், மேலே தொட்டால் வெளியே வரலாம், இந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொடுங்கள். எழுத்தளவை நீங்களாக முடிவு செய்யாமல் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அவர் கண்ணாடியோடு உட்காரவைத்து வைத்துக்கொடுங்கள்.

அப்புறம், பென்டிரைவைத் திறக்கும்போது அதில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தமிழ்த் தொகுதிகள் தெளிவான ஸ்கேனாக இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் இருப்பதில் ஒரு தொகுதியில் இடது ஓரம் முழுக்க யாரோ ஒருவரின் கட்டைவிரல் படிந்திருக்கிறது.